அக்காவுக்கு நான் எழுதிய லேசர் கடிதம்

இலங்கை மலையகத்தில், லிந்துலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தால், அது இன்னாருக்கு வந்தது என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். தோட்டத்து ஆபீஸ் வழியாக வந்தால் நாலு நாள் கிடப்பில் கிடக்கும் என்று எங்கள் ஆட்கள் டவுன் கடையின் விலாசத்தையே கொடுத்து வைத்திருந்தார்கள். கடை முதலாளி முஸ்லிம், கணீரென்ற குரல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமான் வாங்க வருகிறவர்களுக்கு அவர்தான் கடிதத்தைப் பிரித்து வாசிப்பார். மெல்லிய குரலில் வாசிக்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. மாவு மூட்டையில் சாய்ந்து நிற்கிறவன், மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நிற்கிறவள், மழைக்கு ஒதுங்கியவன் என்று எல்லாரும் கேட்பார்கள், கேட்டுவிட்டு அபிப்பிராயமும் சொல்வார்கள். பதிலையும் முதலாளியே எழுதுவார். நாம் சொல்லச் சொல்ல, அதை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதுவார்.

என் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா அம்மா போன பிறகு கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள் அவள். அவளுக்குக் கல்யாணம் நடந்தது, அத்தானும் சீக்கிரம் போய்விட்டார், பிள்ளை குட்டி இல்லை. எழுபதுகளின் கடைசியில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முடித்து உதவித்தொகையில் நான் வெளிநாடு போனபோது, எங்கள் இருவருக்கும் நடுவில் மிஞ்சியது அந்தக் கடை மட்டும்தான்.

அதனால் நான் அக்காவுக்குக் கடிதம் எழுதவில்லை. கடைக்கு எழுதினேன். இது எனக்கு அப்போதே தெரியும். எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த இடத்தில் “அடேயப்பா” என்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு வரியும் எழுதுவேன். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன் ஆராய்ச்சி செய்கிறான் என்று லிந்துலை டவுன் முழுக்கக் கேட்க வேண்டும் எனக்கு.

என் வேலை லேசர். அகச்சிவப்பு லேசர், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அடுப்புக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் படுகிற சூடும் அதே இனம்தான். அதை ஒரு சின்னத் துடிப்பாகச் சுருக்கி, ஒரு விநாடியை நூறு கோடிக் கூறு போட்டால் அதில் ஒரு பத்துக் கூறு நேரத்துக்குள் அடக்கி, ஒரு ஊசி முனை அகலத்தில் குவித்து, செனான் என்ற வாயுவின் அணுக்கள் மேல் விடுவோம். அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். எத்தனை வேகத்தில் வருகிறது என்று அளப்போம். அணு உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, ஒளியிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்த வேகம் சொல்லும்.

கடைக்கு இதை எப்படி எழுதுவது? இப்படி எழுதினேன்: “அக்கா, தலவாக்கலை ரோட்டில் பஸ் சேற்றில் புதைந்தால் ஒவ்வொரு ஆளாக வந்து தள்ளினால் நகருமா? பதினோரு பேர் ஒரே மூச்சில் தள்ள வேண்டும். நாங்கள் விடுகிற வெளிச்சமும் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகிறது. தனித்தனியாக ஒன்றுக்கும் ஆகாது. பதினோரு பொட்டலம் ஒரே சமயத்தில் முட்டினால்தான் அணு அசைந்து கொடுக்கும். அதிலும் ஒரு வேடிக்கை, சில அணு பதினொன்றோடு நிறுத்தாமல் பன்னிரண்டு, பதின்மூன்று என்று வாங்கிக்கொண்டே போகும், வயிறு நிறைந்த பிறகும் பந்தியை விட்டு எழுந்திருக்காதவன் மாதிரி.” அந்தப் பந்தி வரியை முதலாளியிடம் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிச் சிரித்தார்களாம். பதில் கடிதத்தில் எழுதியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

அடுத்த வருஷம் அக்காவின் கடிதம் ஒன்றில், சுகசெய்திகளெல்லாம் முடிந்த பிறகு, அடியில் இரண்டு வரி இருந்தது. “ரேடியோவில சொன்னாங்களாம், லேசர் வெளிச்சத்தால கண்ணு வியாதி எல்லாம் சொகப்படுத்துறாங்கன்னு. மெய்யா தம்பி? நீ செய்யிற வேலையும் அதுதானா?”

ஊர் வம்பு, எவனோ ரேடியோவில் கேட்டுவிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன். நேர்மையான பதில் மூன்று வரிதான்: அப்படி ஒரு வைத்தியம் உண்டு, ஆனால் அது வேறு லேசர், ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்வது. என் லேசர் கண்ணில் பட்டால் கண் பொசுங்கும், நாங்களே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கிட்டப் போகிறோம். இதை எழுதியிருந்தால் கடையில் என் மதிப்பு ஒரு படி இறங்கியிருக்கும். வியாதியைச் சுகப்படுத்தாத வெளிச்சத்தை வைத்துக்கொண்டு இவன் என்னதான் கிழிக்கிறான் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

நான் எழுதியது இது: “மெய்தான் அக்கா. இந்த வெளிச்சத்தால் கத்தி வைக்காமலே கண்ணுக்குள் வைத்தியம் பண்ணலாம். நான் வரும்போது எல்லாவற்றையும் காட்டுகிறேன்.”

‘இந்த’ என்று எழுதினேன். முதலாளியின் குரலில் அது எப்படி ஒலிக்கும் என்று வாயால் சொல்லிப் பார்த்து, முதலில் எழுதிய ‘ஒருவகை லேசர்’ என்பதை அடித்துவிட்டு எழுதினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது அதைவிட நன்றாக ஓடியது.

அந்தச் சித்திரைக்கு வருவதாக இருந்தேன், வரவில்லை. திரையில் எலெக்ட்ரான்கள் படிப்படியாக, ஒரே இடைவெளி விட்டு விழத் தொடங்கியிருந்த நேரம். மேடு மேடாக, பன்னிரண்டாவது பொட்டலத்துக்கு ஒன்று, பதின்மூன்றாவதுக்கு ஒன்று. அதை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? அடுத்த சித்திரையும் போனது. நாட்டில் நிலைமை சரியில்லை என்ற காரணமும் அப்போது கைக்கு வாகாகக் கிடைத்தது. அதையே கடைக்கு எழுதினேன், எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த மேடுகள்தான்.

இதே காலத்தில் வருஷத்துக்கு ஒரு தரம் என் கண்களைப் பரிசோதித்தார்கள். லேசரோடு வேலை செய்கிறவர்களுக்கு அது கட்டாயம். கண்ணுக்குள் உள்ள அழுத்தம், ஓரப் பார்வை, உள்ளே பின்சுவர் எல்லாம் பார்த்து, நன்றாக இருக்கிறது, போகலாம் என்பார்கள். வேலை கெடுகிறதே என்று ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டுதான் போய் உட்காருவேன்.

நான் ஊருக்கு வந்தது கடிதம் எழுதி இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து. லயத்து வாசலில் அக்கா நின்றாள். நான் அவளுக்கு இடது பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நிற்கிறேன், அவள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “அக்கா” என்றதும் முகத்தை முழுக்கத் திருப்பினாள், தேடினாள், பிறகுதான் சிரித்தாள். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தைந்துகூட ஆகியிருக்காது அவளுக்கு.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக் கொம்பு ஊதியும் அவள் வேலைக்குப் போகவில்லை. மற்றவர்கள் மலைக்குப் போய் லயம் அமைதியாகிற வரைக்கும் காத்திருந்தாள். முகம் கழுவி, தலை சீவி, வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

“வா தம்பி. எங்க வச்சிருக்க?” என்றாள்.

“எதை?”

“அந்த வெளிச்சத்த. பெட்டியத் தொறக்குற சத்தம் கேக்கும்னு ராத்திரி பூரா பாத்துக்கிட்டே இருந்தேன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. “ஒனக்கென்ன பைத்தியமா? அது ஒரு வீடு நெறைய நிக்கிற மெஷின். அதுக்கும் கண்ணு வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன டாக்டரா?” என்று கத்தினேன்.

“சத்தம் போடாத. பக்கத்துக் காம்பிராவுல காச்சக்காரப் புள்ள படுத்திருக்கு” என்றாள்.

பிறகு மெல்லச் சொன்னாள். முதலில் ஓரங்கள் மறைந்தனவாம். கொழுந்து எடுக்கிறபோது எதிரே உள்ளது தெரியும், இரண்டு பக்கமும் தெரியாது. செடியின் இரண்டு ஓரத்திலும் கொழுந்தை விட்டுவிட்டுப் போவாள், கங்காணி ஏசுவார். குறித்த எடை நிறுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் வேலை என்றுதான் எழுதுவார்கள். வாரத்தில் நாலு நாள் அவளுக்கு அரைப் பேர். பார்வைக் குறை என்று வெளியே தெரிந்தால் வேலைப் பதிவிலிருந்து பேரையே வெட்டிவிடுவார்கள், பேர் போனால் தோட்டம் கொடுத்த காம்பிராவும் போகும். தோட்டத்து டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு, உடனே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் காட்டினாள். மடிப்பில் கிழிந்து போயிருந்தது.

“ஏன் போகல?”

“கண்டிக்குப் போனா ஊருக்கே தெரியும். நீ வந்து பாத்தா ஒருத்தருக்கும் தெரியாதுல்ல? அதான், நீ எழுதினியே, கத்தி வைக்காமலே செய்யலாம்னு.”

“எனக்கு எழுதியிருக்கலாமே அக்கா, கண்ணு தெரியலன்னு.”

“எப்பிடி எழுதுறது? முதலாளி சத்தமா இல்ல திருப்பிச் சொல்லுவாரு? கங்காணி பொண்டாட்டியும் அங்கதான நிக்குது.”

அவளால் கேட்க முடிந்தது அவ்வளவுதான். கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஊர் வம்பு மாதிரி, அடியில் இரண்டு வரி. அதே கடையில் வளர்ந்தவன் நான். அங்கே யாரும் தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லி எழுத மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வரியை ஒரு நிமிஷம் அவளுடைய வரியாக நினைத்து வாசித்திருந்தால் போதும்.

அடுத்த நாளே கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். மகாவலி வந்ததும் பழக்கத்தில் “ஆறு பாரு அக்கா” என்று சொல்லிவிட்டேன். அவளும் திரும்பி, “தண்ணி நெறைய போகுதா?” என்று கேட்டாள்.

கண் டாக்டர் சிங்களவர், தன்மையான மனிதர். அரை மணி நேரம் பார்த்தார். அழுத்தத்தை அளந்தார், ஓரப் பார்வையைச் சோதித்தார், பின்சுவரைப் பார்த்தார். என் கண்ணுக்கு வருஷா வருஷம் செய்வார்களே, அதே பரிசோதனைகள்தான். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி கொஞ்சம் மிச்சம், அதுவும் நாள் கணக்கில்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வந்திருந்தால் சாதாரணச் சொட்டு மருந்தாலேயே காப்பாற்றி வைத்திருக்கலாம். துண்டின் தேதியைப் பார்த்துவிட்டு, “எதற்காகக் காத்திருந்தார்கள்?” என்று கேட்டார். “எனக்காக” என்றேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது விளையாட்டாகச் சொன்னால்கூட இன்றைக்கும் எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் வருகிறது. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

வெளியே விறாந்தையில் வாங்குப் பலகையில் அக்காவை உட்கார வைத்தேன். “டாக்டர் என்னா சொன்னாரு?” என்றாள். முகத்தை என் பக்கம் முழுக்கத் திருப்பிக்கொண்டு, வலது கண்ணில் மிஞ்சிய அந்தக் குழாய்க்குள் என் முகத்தைக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ஆரம்பத்துலயே வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம் அக்கா. இந்த வியாதிக்கு மருந்தே இல்லையாம்” என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொல்லியது. அவளைத் தேற்றத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன்.

அவள் அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு தடவிப் பார்த்து என் கையைப் பிடித்தாள்.

“அப்ப நல்லதாப் போச்சு தம்பி. ஒனக்காகக் காத்திருந்ததுலதான் கண்ணு போச்சுன்னு நாளைக்கு யாரும் ஒன்னயச் சொல்லிருவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இனி ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல.”

இரண்டு மாதத்தில் அவள் பேரை வெட்டினார்கள். பக்கத்துக் காம்பிராக்காரர்களின் மகள் வேலைக்குப் பேர் பதிந்து, அந்தக் காம்பிரா கைவிட்டுப் போகாமல் அக்காவோடு குடியிருந்து பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு அக்கா எட்டு வருஷம் இருந்தாள். நான் நாலு தடவை வந்து போனேன், ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொன்ன உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். டாக்டரே சொல்லிவிட்டார், தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைக் காப்பாற்றாதவன், அவளிடம் என் நல்ல பேரை மட்டும் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டேன்.