வாசலை அடைத்து நின்ற கார்

கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலை என் கணவரின் கார் பல வருடங்கள் அடைத்துக்கொண்டு நின்றது. சர்க்கரை வியாதியால் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கு முந்தைய நாள் மாலை, அவரே ஓட்டி வந்து நிறுத்தியது. எப்போதும்போலப் பின்பக்கமாக உள்ளே விட்டிருந்தார். காலையில் நேராக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. செம்பனை ஆலைகளுக்கு இயந்திர எண்ணெய் விற்கிற வேலை அவருக்கு. பேராக், பகாங் என்று வாரம் முழுக்க அந்தக் காரில்தான் அலைவார். ஜெர்மனியில் செய்த டீசல் கார். பழையது, கனமானது, எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள வரிசை வீடுகளின் போர்ச்சுக்கு நீளம் அதிகம்.

காரின் பின்பம்பருக்கும் வீட்டின் இரும்பு கிரில் கதவுக்கும் நடுவில் இரண்டு சாண் இடம் இருந்தால் அதிகம். கிரில் வெளிப்பக்கம் திறப்பது. பாதி திறந்ததும் பம்பரில் இடித்து நின்றுவிடும். நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து போய் வருவேன். சக்கர நாற்காலி போகாது. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாட்களில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்திச் சுவருக்கும் காருக்கும் இடையே நகர்வார். கேட்டுக்கு வெளியே போய்ச் சேருவதற்குள் இரண்டு பேருக்கும் சட்டை நனைந்துவிடும். செயற்கைக் கால் ஒன்று செய்து கொடுத்தார்கள். அது உறுத்துகிறது என்று அலமாரிக்குள் போனது. பிறகு மருத்துவமனையைத் தவிர வேறு எங்கும் போவதை அவர் நிறுத்திக்கொண்டார்.

நான் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்த்தேன். அவரைத் தனியாக விட முடியாது என்று ஆனபோது வேலையை விட்டேன். எனக்கென்று ஒரு சின்னக் கார் இருந்தது. தெருவில்தான் நிறுத்துவேன். வேலையே இல்லை, அதை எதற்குச் சும்மா வைத்திருப்பது என்று அவர் சொன்னார், விற்றுவிட்டோம். ஓடுகிற கார் போய்விட்டது, ஓடாத கார் வாசலில் நின்றது. அப்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. பிறகுதான், சமையலறை ஜன்னல் வழியாகத் துணிக்கொடியையும் அடுத்த வீட்டுச் சுவரையும் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரங்களில், தோன்ற ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் அவருக்குக் கடும் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பேச்சு குழறியது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்த இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டார்கள். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படுக்கை விரிப்பால் கட்டி, கதவின் பாதித் திறப்பில் சாய்த்து வெளியே எடுத்து, காரின் டிக்கிக்கு மேலே தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார்கள். நான் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். காய்ச்சலின் உச்சத்தில் இருந்த மனுஷர் அந்த நேரத்தில் அவர்களிடம் மலாயில் சொன்னது, பெயிண்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது.

பிழைத்து வந்தார். வீட்டுக்கு வந்த மறுநாளே நான் பேச்சை எடுத்தேன். கத்தவில்லை. அந்தக் கார் வாசலில் இருக்கிறவரை நான் இந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க மாட்டேன் என்றேன்.

"காரை விக்க மாட்டேன்," என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விக்கச் சொல்லல. நகர்த்தணும்."

அது அவ்வளவு சுலபமாக இல்லை. இழுவை லோரிக்காரர் வந்து பார்த்தார். ஹேண்ட்பிரேக் போட்டபடியே நின்றதில் பின்சக்கரங்கள் இறுகிப்போயிருந்தன. வாசலுக்கு முன்னால் ஓடுகிற லொங்காங் சாக்கடையின் மேல் ஒரு பழைய இரும்புத் தட்டுதான் பாலம். இவ்வளவு கனத்தைத் தரதரவென்று இழுத்தால் தட்டு வளையும், கேட் தூண் போகும், எனக்கு வேண்டாம் இந்த வேலை என்று போய்விட்டார். பழைய இரும்பு எடுக்கிறவரிடம் கேட்டேன். நின்ற இடத்திலேயே வெட்டித் துண்டாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதை நான் வீட்டுக்குள் போய்ச் சொல்லவில்லை.

அன்று மாலை என் கணவரே ஆரம்பித்தார். எஞ்சின் கெட்டுப் போகவில்லை, வெறுமனே நின்றுதான் போயிருக்கிறது, அதை உயிர்ப்பித்தால் தானாகவே வெளியே போகும் என்றார். யார் செய்வது என்று கேட்டேன். "நான் சொல்றேன், நீ செய்," என்றார். கல்யாணமான நாள் முதல் அந்தக் காரின் பானெட்டை நான் தொட்டதில்லை. தொட விட்டதில்லை.

பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு சீன அங்கிள் வந்து பின்சக்கரங்களைக் கழற்றி, தட்டித் தட்டி பிரேக்கை விடுவித்தார். பிரேக்கையும் கிளட்சையும் ஓடுகிற அளவுக்குச் சரிசெய்தார், டயர் மாற்றினார், புது பேட்டரி வைத்தார். எஞ்சின் பக்கம் வரவில்லை. இந்த மாதிரி டீசலெல்லாம் தனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். சக்கரம்தான் உருளுகிறதே, தள்ளி வெளியே விட்டுவிடலாம் என்றேன், அது தானாக ஓடித்தான் போகவேண்டும் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்னொரு சிக்கல். அவர் உட்காரக்கூடிய இடம் கிரிலுக்கு உள்ளே. அங்கிருந்து பார்த்தால் காரின் பின்பக்கம்தான் தெரியும். எஞ்சின் கேட் பக்கம் இருந்தது. அதனால் ஒரு காரின் நீளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு நாங்கள் கைப்பேசியில் வீடியோ கால் போட்டுப் பேசினோம். நான் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியை மட்கார்டின் மேல் சாய்த்து வைத்து, அவர் சொல்லச் சொல்ல வேலை செய்தேன். "இன்னும் கீழ காட்டு. அது இல்ல. அதுக்குப் பக்கத்துல." தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் எஞ்சின் இறுகிப்போயிருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். நீளமான ஸ்பேனரை முன்னால் இருக்கிற புல்லியின் நட்டில் மாட்டி, என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினேன். அசையவில்லை. மறுபடியும் தொங்கினேன். மெதுவாக, ஒரு முனகலோடு சுற்றியது. கைப்பேசியில் அவர் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. பிறகு, "இறுகல," என்றார்.

அடுத்தது பழைய டீசலை இறக்குவது. அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, அதன்மேல் மல்லாக்கப் படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தேன். எனக்குக் குறுகலான இடம் ஆகாது. மூக்குக்கு மேலே துருப்பிடித்த இரும்பு. இரண்டு பக்கமும் கையை மடக்க முடியவில்லை. டேங்கின் அடித்திருகைத் திறந்ததும் கறுப்பாக, வார்னிஷ் நாற்றத்தோடு, நடுநடுவே கோழைபோல ஏதோ வழுவழுவென்று விழுந்தது. அது வாளியில் நிரம்புகிறவரை திருகின் பக்கம் கையை வைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கவேண்டியிருந்தது. வெளியே அவர் குரல் கைப்பேசியிலிருந்தும் கிரிலுக்குள்ளிருந்தும் இரட்டையாகக் கேட்டது. வந்துவிட்டதா, என்ன நிறம், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

பிறகு புது ஃபில்டர்கள், புது எஞ்சின் எண்ணெய், எண்ணெய்நிலையத்திலிருந்து பிளாஸ்டிக் தோம்பில் வாங்கி வந்த புது டீசல். பெட்ரோல் கார் என்றால் டேங்கில் ஊற்றினால் போதும். டீசல் எஞ்சினின் குழாய்க்குள் காற்று இருந்தால் கிளம்பாது. பம்பின் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி டீசலை மேலே ஏற்றவேண்டும். விரல் மரத்துப்போகும்வரை அமுக்கினேன். கடைசியில் உள்ளே எங்கோ 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால் போதும் என்றார்.

கேட்டை அகலத் திறந்துவைத்துவிட்டு, சுவரில் முதுகை உரசிக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்குள் நுழைந்தேன். கதவு பாதிதான் திறந்தது. சாவியைத் திருப்பி, ஆரஞ்சு விளக்கு அணையும்வரை காத்திருந்து, ஸ்டார்ட் செய்தேன். உதறியது, நின்றது. மறுபடியும். அதற்கடுத்த தடவை ஒரு சிலிண்டரில் மட்டும் பிடித்து, இரும்புத் தகரத்தைக் குலுக்குவதுபோல அடித்தது, பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. கார் முழுக்க நடுங்கியது. பின்னால் கிரிலுக்குள்ளிருந்து அவர் கை தட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

பிறகு கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையும் கறுப்புமாகப் புகை. புகைக்குழாய் நேராக வீட்டு வாசலைப் பார்த்து நின்றது. மேலே தகரக் கூரை. புகை போக வேறு வழியில்லை, வீட்டுக்குள்தான் போனது. சாவியைத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவி வெளியே எடுத்துவிட்டேன். சாவி என் கையில் இருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது. அந்த ரகப் பழைய டீசலைச் சாவி நேரடியாக நிறுத்துவதில்லை, ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சித்தான் நிறுத்துகிறது, அந்தக் குழாய் வெடித்துப்போயிருந்தது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கைப்பேசி மட்கார்டின் மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. அவர் இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

இறங்கி, அந்தச் சந்துக்குள் நெளிந்து, பின்னால் போய் அவரை உள்ளே தள்ளலாம். ஆனால் புகை நிற்காது. நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. சாவியை மறுபடியும் செருகி ஸ்டியரிங்கை விடுவித்தேன். கிளட்சை அமுக்கி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டேன். லொங்காங் தட்டு டமார் என்று சத்தம் போட்டது. கார் தெருவுக்கு வந்துவிட்டது.

உடனே நிறுத்தியிருக்கலாம். நாலு வீடு தள்ளி ஓரங்கட்டியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது கியர் மாற்றினேன். தாமானின் கடைசியில் இருக்கிற விளையாட்டுத் திடலைச் சுற்றினேன், ஒரு தடவை இல்லை, திரும்பவும். ஜன்னலை இறக்கினேன். பின்னால் இழுத்துக்கொண்டு வந்த புகை மெல்ல மெல்ல மெலிந்தது. அவருக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் நெஞ்சில் இருந்தது. அதே நேரத்தில், பெரிய சாலைக்குப் போகும் முனையில் வலதுபக்கச் சிக்னல் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன் என்பதும் உண்மை. பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் ஹார்ன் அடித்ததும் சிக்னலை அணைத்துவிட்டு வீட்டுப்பக்கம் திருப்பினேன்.

அவர் வெளியே இருந்தார். கார் நின்ற இடத்தில், எண்ணெய்க் கறைகளுக்கு நடுவே, சக்கர நாற்காலியில். கிரில் முழுவதும் திறந்து கிடந்தது. படியிலிருந்து அவரே உருட்டி இறங்கியிருக்கிறார். கண்ணெல்லாம் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"எங்க போன?" என்றார்.

"ஒரு ரவுண்டு."

பானெட்டைத் திறக்கச் சொன்னார். சிவப்பாக ஒரு லீவர் இருக்கும், அமுக்கு என்றார். அமுக்கினேன். நின்றது. தெருவே சட்டென்று அமைதியானது.

மாலையில் அவர் காரை மறுபடியும் போர்ச்சுக்குள் விடச் சொன்னார். வெயிலில் பெயிண்ட் போய்விடுமாம்.

"முடியாதுங்க," என்றேன். "போனா போகட்டும்."

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கார் மதிலோரம், தெருவிலேயே நின்றது. ரப்பர் குழாயை மாற்றினோம். வாகனப் பரிசோதனைக்கு விட்டு, காப்புறுதியும் சாலை வரியும் எடுத்தோம். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் போகலாமா என்று அவரே கேட்டார். கல்யாணமான புதிதில் நாங்கள் அங்கே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் எனக்குப் பிடித்த புடவையைக் கட்டிக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒருவழிச் சாலைகளில் சுற்றிச் சுற்றி வந்து, வாழையிலைக் கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஓரிடம் கிடைத்தது. நான் டிக்கியிலிருந்து சக்கர நாற்காலியை எடுத்து விரித்து அவர் கதவருகே கொண்டுபோனேன். அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலை ஒரு விரல் அகலம் இறக்கினார்.

"வேணாம்மா. இங்கேயே இருப்போம்."

இங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், கேட்பார்கள். அவர் அதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நான் நாற்காலியை மடக்கித் திரும்ப உள்ளே வைத்தேன். ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்கார்ந்தேன். பூக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம், இங்கே காருக்குள் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது.

"நான் இறங்கறேன்," என்றேன்.

"எங்க?"

"சாப்பிட. உங்களுக்குக் கட்டிட்டு வரேன். ஏர்கோன் ஓடட்டும், எஞ்சினை நிறுத்த வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் இறங்கிவிட்டேன். கடையில் எனக்கென்று ஒரு முழு இலை போடச் சொல்லி, அவசரப்படாமல் சாப்பிட்டேன். ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தேன். எதிர் மேசையில் இருந்த அக்கா ஒருத்தி தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படிச் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. அவருக்கு மட்டன் பிரட்டல் வைத்துக் கட்டித் தரச்சொன்னேன்.

திரும்பி வந்தபோது அவருடைய ஜன்னல் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. டாக்சி ஓட்டுகிறவர் ஒருவர் குனிந்து, எஞ்சின் எந்த வருடத்தியது, உதிரி பாகம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினார்.

"ரொம்ப நேரமாச்சு," என்றார்.

"ஆமா," என்றேன்.

பொட்டலத்தை மடியில் பிரித்துச் சாப்பிட்டார். அந்தக் காருக்குள் ஒரு பிஸ்கட் துண்டுகூட யாரும் தின்ன அவர் விட்டதில்லை. குழம்பு சொட்டி இருக்கையில் விழுந்தது, துடைக்கவில்லை. நான் காரைக் கிளப்பினேன். பெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கம் அசையாத நெரிசல். முன்னாலும் லோரி, பின்னாலும் லோரி, பக்கத்தில் பஸ். காலுக்குக் கீழே எஞ்சின் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார், கறிக்குழம்புக் கை மடியில் விரிந்தபடி. முன்னால் இருந்த லோரி ஒரு கார் நீளம் நகர்ந்தது. நானும் நகர்த்தினேன்.