மூடியைத் திறக்காதீங்க சார்!

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெட்ரோல் விலை எகிறியிருந்த சமயம். கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில், ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது ஆராய்ச்சி மாணவி. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பாட்டிலுக்குள் மரவள்ளிக் கிழங்குக் கூழ். அதைப் புளிக்கவைத்து, பெட்ரோலுக்குப் பதிலாக எரியக்கூடிய ஒருவகை ஆல்கஹால் எரிபொருளாக்கும் பாக்டீரியா அதில் வளர்ந்துகொண்டிருந்தது. சிக்கல் என்னவென்றால், தான் உண்டாக்கும் எரிபொருள் கூடினால் அதுவே செத்துவிடும். தாக்குப்பிடித்தவற்றை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து வலுவான ஒரு வகையை எடுத்திருந்தேன். ஆனால் கொஞ்ச நாளாக அது எரிபொருள் தராமல், கெட்டுப்போன வெண்ணெய் போல நாறும் அமிலத்தோடு நின்றுவிட்டது. இந்த பாட்டில்தான் கடைசி முயற்சி. எங்கள் ஆய்வகத்தில் மின்வெட்டு. கதகதப்பு இல்லாவிட்டால் பாக்டீரியா வேலை செய்யாது; பாட்டிலின் சூடு ஆறுவதற்குள் பாலக்காட்டுக் கல்லூரியில் சேர்க்க வேண்டும்.

எல்லைச் சோதனைச் சாவடியில் கலால் அதிகாரி ஏறினார். வாயில் பீடி.

“எந்தா இது? சாராய ஊறலா?”

“ஆராய்ச்சிங்க சார். பீடிய அணைச்சுருங்க, இதுல வர்ற வாயு பத்திக்கும்.”

“எனக்கே ஆர்டரா? மூடியத் தொற!”

“தொறக்காதீங்க சார்! காத்துப் பட்டா உள்ள இருக்கற உசுரு செத்துரும்.”

பஸ்ஸே சிரித்தது. “குட்டிச்சாத்தானைப் புடிச்சு அடைச்சிருக்குதா அம்மணி?” என்றது ஒரு குரல்.

அவர் கை மூடிக்கு வந்துவிட்டது. “வாயு மட்டும் வெளிய வர்ற இந்த வளைஞ்ச குழாய்ல மோந்து பாருங்க சார், போதும்” என்று கெஞ்சினேன். பீடியை வெளியே எறிந்துவிட்டுக் குனிந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெண்ணெய் நாற்றம் அடித்தால் விட்டுவிடுவார். என் உழைப்பு வீண். எரிபொருள் வாசனை அடித்தால் நான் மாட்டினேன்.

“ஸ்பிரிட்! நல்ல காட்டம். இறங்கு!”

“நெசமாவா சார்? நல்லா மோந்தீங்களா?” என்று கேட்டேன். என் சிரிப்பைப் பார்த்து அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பின் சீட்டிலிருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா கூடையோடு கூடவே இறங்கினார். “பொம்பளப் புள்ளையத் தனியா உட்டுட்டுப் போக முடியுங்களா?” தகவல் போய்ப் பாலக்காட்டுப் பேராசிரியர் ஸ்கூட்டரில் வந்து விளக்கும்வரை, அந்த அம்மாவின் கம்பளிக்குள்தான் பாட்டில் கதகதப்பாக இருந்தது. மூடி திறக்கப்படவே இல்லை.

கல்லூரியில் அளந்து பார்த்தபோதும் அதிகாரியின் மூக்கு சொன்னது சரியாகவே இருந்தது. அதன்பிறகு பெரியவர்கள் பலர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிய ‘ஸ்பிரிட்!’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஈடாக எதுவும் இன்றுவரை என் காதில் விழவில்லை.