பன்னிரண்டு மணித் தாளிப்பு

அந்தக் குறுஞ்செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. எப்போது எடுத்துப் படித்தாலும் காறித் துப்ப வேண்டும் போலிருக்கும். உங்கள் டிவி அனுபவத்தை மேலும் இனிமையாக்க உங்கள் தற்போதைய பேக் நிறைவடைகிறதாம், புதிய பேக்கிற்கு அன்புடன் வரவேற்கிறார்களாம். குடிசைக்கு நெருப்பு வைக்கிறவன்கூட அன்புடன் என்று சொல்லிவிட்டு வைப்பதில்லை.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. மொட்டை மாடியிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் குடை டிஷ்கள் வரிசையாக நிற்கும், உப்புக் காற்றில் பாதி துருப்பிடித்து. கேபிள்காரனோடு சண்டை போட்டு ஓய்ந்த காலத்தில் தெருவே அந்த டிஷ்ஷுக்கு மாறியது. காரணம் அந்தச் சின்ன பேக்தான். தமிழ் சேனல் எல்லாம் வரும், வேண்டாத குப்பை எதுவும் வராது. தினக்கூலிக்குப் போகிறவன்கூட யோசிக்காமல் கட்டிவிடுவான். அதைத்தான் இனிமையாக்குகிறேன் என்று எடுத்துவிட்டார்கள்.

இது டிவி பார்க்க முடியாத கோபம் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எனக்கு டிவியே பிடிக்காது. அந்த டிவி என் அம்மாவுடையது. அம்மாவுக்குக் கண் தெரியாது.

அம்மா முப்பது வருஷம் மீன் விற்றவள். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாகப் போவாள். சர்க்கரை நோய் முதலில் காலைப் பிடித்தது, பிறகு கண்ணைப் பிடித்தது. இப்போது வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரியும். காலையிலும் இரவிலும் இன்சுலின் ஊசியை நான் போட்டுவிடுவேன். நான் வேலை செய்வது எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், கேட்டில் லாரிகளைப் பதிவு செய்கிற வேலை. அதனால் மத்தியான ஊசி மட்டும் அம்மாவின் பொறுப்பு. பேனா மாதிரி ஊசி. திருகினால் டிக் டிக் என்று சத்தம் வரும். பத்து டிக் எண்ணி, வயிற்றில் போட்டுக்கொண்டு, மூடி வைத்திருக்கும் சோற்றைச் சாப்பிட வேண்டும். ஒரு நாளும் தப்பு பண்ணியதில்லை. அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

நேரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். யாரிடமும் மணி கேட்கிற ஜாதி இல்லை அவள். கண் போன புதிதில் எதிர் வீட்டு அக்கா, "மணி பத்து ஆவுதுக்கா" என்று தானாகச் சொன்னதற்கே, "உன்னை எவ கேட்டா?" என்று சண்டைக்குப் போனவள். மாதா கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கேட்கும். அதுவும் துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுத்தால்.

அவளுக்கு மணி சொன்னது டிவிதான். ரிமோட்டில் ஐந்தாம் நம்பர் மேல் பசை வைத்து ஒரு மிளகை ஒட்டியிருந்தேன். அதிலிருந்து தடவித் தடவி எந்த நம்பரையும் கண்டுபிடிப்பாள். விடிந்தால் ஜெபம். ஜெபம் முடிந்தால் காபி. அப்புறம் செய்தி. செய்திக்கு மாத்திரை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு சமையல் நிகழ்ச்சி. தொடங்கும்போதே எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அந்தத் தாளிப்புதான் அம்மாவின் பன்னிரண்டு மணி. கையில் ஊசியை எடுத்துவிடுவாள்.

அந்த நிகழ்ச்சியை அவள் மாதிரி யாரும் ரசித்திருக்க முடியாது. விடுமுறை நாளில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "எண்ணெ காயவே இல்ல, அதுக்குள்ள மீனைப் போட்டுட்டா பாரு. சத்தத்துலயே தெர்து. அந்த வஞ்சிரம் சட்டியில ஒட்டிக்கும்." கண்ணால் பார்த்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நிமிஷம் டிவியில் சமைக்கிறவள் மீனைத் திருப்ப முடியாமல் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

பேக் முடிந்த அன்று நான் யார்டில் இருந்தேன். அம்மா போன் செய்தாள்.

"நைனா, டிவி செத்துட்ச்சி. தட்டிப் பார்த்தேன், மூச்சே காணோம்."

திரையில் பெரிதாக எழுதித்தான் போட்டிருந்தார்கள், இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லை என்று. படிக்கத் தெரிந்தவனுக்கும் கண் இருக்கிறவனுக்கும் மட்டும் சொன்னால் போதும் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். அவளுக்கு அன்றைக்கு மணி பன்னிரண்டு என்று சொல்லி ஊசி போடச் சொன்னேன். பிறகு கஸ்டமர் கேருக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, நட்சத்திரத்தை அழுத்து என்று சாப்பாட்டு நேரம் முழுக்க அழுத்திய பிறகு ஒரு பெண்ணின் குரல் கிடைத்தது.

"பேக் நிறுத்தப்படலை சார். மேம்படுத்தப்பட்டிருக்கு. உங்களுக்கு இப்போ அதிக சேனல்கள் கிடைக்குது."

"எங்கம்மா பார்க்குற சேனல் போச்சே."

"அது அடுத்த பேக்ல இருக்கு சார்."

அடுத்த பேக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதிகமாகக் கிடைத்த சேனல்களை அன்று சாயங்காலம் பார்த்தேன். தெரியாத பாஷையில் நகை விற்கிற சேனல், முடி வளர்கிற எண்ணெய் விற்கிற சேனல், நாலு சாமியார். கலீஜ். அசிங்கம் தாங்காமல் டிவியை அணைத்தேன்.

எங்கள் தெருவுக்கே டிஷ் மாட்டியவர் கல்மண்டபத்தில் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய்க் கத்தினேன்.

"மாமு, என்னாண்ட கத்தி இன்னா பிரயோஜனம்? காலீலேந்து தெருவே வந்து திட்டிகினு கீது. நானும் அதே பேக்தான் போட்டுகினு இருந்தேன். பேசாம பெரிய பேக் போட்டுக்கினு போ."

"போட மாட்டேன். செத்தாலும் அவனுக்கு ஒரு ரூபாகூட ஜாஸ்தியா குடுக்க மாட்டேன்."

நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். சொன்னது சுகமாகத்தான் இருந்தது. அங்கே நின்றவர்கள் தலையாட்டினார்கள். செத்தாலும் என்று வாய்க்கு வந்தபடி சொன்னேனே, சாவது யார் என்று யோசித்தேனா? இப்போது நினைத்தால் அந்தக் குரல்காரியைவிட என் மேல்தான் அருவருப்பு அதிகம்.

சில நாட்கள் யார்டிலிருந்து நானே போன் போட்டு ஒப்பேற்றினேன். மணி சொன்னால் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நா என்ன கொயந்தையா?" என்பாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேனலாகத் தள்ளினேன். ஒரு இடத்தில் கடுகு வெடித்தது. அதே நிகழ்ச்சி, அதே சேனல்காரர்களின் இன்னொரு சேனல், காசு கட்டாமலே வருகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த டிஷ் கம்பெனியையே தோற்கடித்த மாதிரி குதித்தேன். புது நம்பரை அம்மாவின் விரலைப் பிடித்து மிளகிலிருந்து எண்ணிக் காட்டினேன்.

"அதே நிகழ்ச்சிதாம்மா. அதே நேரம். இனிமே நான் போன் பண்ணல, நீயே பாத்துக்க."

"அத்த சொல்லு," என்று அவளுக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்தச் சேனலில் அது பன்னிரண்டு மணிக்கு வரும். மற்ற நாட்களில் பழசைத் திரும்பப் போடுவது நாலு மணிக்கு. அதை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

திங்கட்கிழமை மூன்று மணி இருக்கும். யார்டு கேட்டில் லாரி வரிசை. எதிர் வீட்டு அக்காவின் போன்.

"ஒடனே வா. உங்கம்மா ஒரு மாரி கீது."

காயப்போட்ட துணியை எடுக்க வந்த அக்கா கதவு வழியாகப் பார்த்திருக்கிறாள். அம்மா டிவி முன்னால் கையில் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள். புடவை முழுக்க வேர்வை, கை வெடவெடக்கிறது, கூப்பிட்டால் பதில் வேறு எதுவோ. மூடி வைத்த சோறு மூடியபடியே இருக்கிறது. காலையில் போட்ட ஊசி உடம்பில் வேலை செய்துகொண்டிருக்க, எட்டு மணி இட்லிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. அக்கா சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றியிருக்கிறாள். அவள் அன்றைக்குத் துணி எடுக்க வராமல் இருந்திருந்தால் என்பதை என்னால் இன்றைக்கும் முழுதாக நினைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் இறங்கி அம்மா தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, பசிக்கலையா உனக்கு?"

"பசிச்சுது நைனா. காது அட்ச்சிகிச்சி, கண்ணுக்குள்ள பூச்சி பறந்துச்சி. ஆனா டிவியில இன்னும் தாளிக்கலையே."

"யாரையாவது கேக்கக் கூடாதா?"

"நீதான சொன்ன, அதே நேரம்னு."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனில் அந்தப் பெரிய பேக்கை வாங்கினேன். ஒரு நொடியில் பணம் போனது. 'சரியான தேர்வு செய்ததற்கு வாழ்த்துகள்' என்று செய்தி வந்தது. கூடுதலாகக் கட்டிய தொகை, மாசத்துக்கு நான் டீக்கும் போண்டாவுக்கும் செலவழிக்கிறதுகூட இல்லை. கடை வாசலில் நின்று என்ன வீராப்பு பேசினேன், சே.

வீட்டுக்கு வந்ததும் பழைய நம்பரில் பழைய சேனலைப் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு மணிக்குக் கடுகு வெடித்தது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நிறுத்து" என்றாள்.

"அதேதாம்மா. சத்தியமா அதே நேரம்."

"இன்னிக்குக் கீது. நாளிக்கு அவன் மாத்துனா எனக்கு யாரு சொல்லுவா?"

அதோடு ரிமோட்டைத் தொடவில்லை. வஞ்சிரத்தைப் பற்றியும் பேச்சில்லை. நான் திரும்பவும் யார்டிலிருந்து போன் செய்ய ஆரம்பித்தேன். இந்த முறை கோபப்படவில்லை. காலையிலிருந்தே பட்டன் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்று எதிர் வீட்டு அக்கா சொன்னாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வாரம் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அம்மா தானாகச் சொன்னாள்.

"இன்னிக்கு நீ பண்றதுக்கு முன்னாடியே ஒரு போன் வந்துச்சி. நீதான்னு எடுத்தேன். ஒரு பொண்ணு, டிவி கம்பெனியாம். நல்லா மரியாதையா பேசுச்சி. சேவை புடிச்சிருந்தா ஒண்ணை அமுக்கு, புடிக்கலன்னா ரெண்டை அமுக்குன்னு."

"நீ என்ன சொன்ன?"

"மணி இன்னா ம்மான்னு கேட்டேன். மூணு வாட்டி கேட்டேன் நைனா. நன்றின்னு சொல்லி வச்சிட்டா."