ரங்கூன் மரகதம்மாளின் மொயிங்கா

விழுப்புரத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. சென்ற வெள்ளிக்கிழமை ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. திண்டிவனத்தில் மரகதம்மாள் காலமானார். கரும்பலகையில் பாதிக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு ரயிலுக்குப் போனேன்.

அவர் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் உங்களில் பலர் உண்டு. அவரை வீட்டைக் காலி செய்யச் சொன்னவள் நான் என்பது உங்களுக்குத் தெரியாது.

ரங்கூனில் இருந்த கடை பறிபோய், கணவரும் இரண்டு பெண்களுமாகக் கப்பலேறி வந்தவர் அவர். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடிவைத்தோம். பொம்மையார்பாளையத்து மீன்காரியிடம் சென்னாக்குனி என்கிற பொடி இறாலை வாங்கி, உப்பிட்டு இடித்து, ஜாடியில் புளிக்க வைப்பார். பர்மாவில் அதற்கு ஙாப்பி என்று பெயர். அதை வதக்கினால் தெருக்கோடி வரை வாடை போகும். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். ஒரு நாள் நானே போய், "அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்குங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அடுப்பை முருங்கை மரத்தாண்ட வச்சிக்கிறேன், டீச்சர். ஊரை வுட்டுட்டு வந்துட்டோம். நாக்கையும் வுட்டுட்டு வரச் சொன்னா எப்டி?" என்றார். நான் திரும்பி வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அந்த மாதமே விழுப்புரத்திலிருந்து வந்த என் அண்ணன் ஒரு செய்தி சொன்னார். அவர் தெருவில் ஒருவன் பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது. புருஷன் வேலை தேடி மெட்ராஸ் போய்விட்டான். பிள்ளை பெற்று நாற்பது நாள், அவள் சோற்றைத் தொடுவதில்லை, பால் வற்றிவிட்டது என்றார். மனம் கேட்காமல் மரகதம்மாளிடம் போய்ச் சொன்னேன். காலி செய்யச் சொன்ன பிறகு அன்றுதான் அவரிடம் பேசினேன்.

"ஜல்தியா ஒரு விரால் மீனு வாங்கியாங்க" என்றார்.

மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டு போட்டு, கடலை மாவுக்குப் பதில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வறுத்து அரைத்துக் கரைத்து, மொயிங்கா என்கிற பர்மா மீன் குழம்பு வைத்தார். அங்கே அதை அரிசிச் சேவையில் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். இவர் இடியாப்பம் பிழிந்துகொண்டார். தூக்குவாளியோடு நாங்கள் இருவரும் விழுப்புரத்துக்குப் போன ரயிலில் எதிரே இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். தூக்கை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூக்கைத் திறந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். மரகதம்மாள் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். அவ்வளவுதான், அவள் கடகடவென்று பேச ஆரம்பித்தாள், அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள். வாசற்படியில் நின்ற மாமியார் பதறிப்போய், "இன்னாம்மா சொல்லுது? என்னப் பத்தி எதுனா சொல்லுதா?" என்றார்.

மரகதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "உங்கள இன்னான்னு கூப்புடணும்னு கேக்குது."

அந்த அம்மாள் மருமகள் அருகில் வந்து உட்கார்ந்து, "அம்மான்னு சொல்லச் சொல்லு" என்றார். இடியாப்பத்தில் கொஞ்சம் எடுத்துத் தானும் வாயில் போட்டுக்கொண்டார்.

வீடு காலி செய்யும் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, மயிலம், விழுப்புரம் பக்கம் குடியேறிய பர்மாக் குடும்பங்கள் எங்கள் பின்கட்டில் கூடின. முகம் சுளித்த அக்கம்பக்கத்தாரும் கிண்ணத்தோடு வந்தார்கள். காலி செய்யச் சொன்னதற்கு நான் வாய்திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன். அது என் குறை.

வெள்ளிக்கிழமை துக்க வீட்டில் அடுப்பெரியவில்லை. விழுப்புரத்து மாமியாரும் மருமகளும் சமைத்துக் கொண்டுவந்து, ரங்கூன்காரர், உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் பரிமாறினார்கள்.

புதிதாகக் குடிவருகிறவர்களிடம் எந்த ஊர், என்ன ஆட்கள் என்றுதான் நாமெல்லாம் விசாரிப்போம். மரகதம்மாள், "உங்க வூட்டுல இன்னா சமைப்பீங்க?" என்று கேட்பார்; பதிலை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவரிடமிருந்து நான் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.