எழுபத்தொரு நாள் தாமதம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரகடத்தில் வாடகை அறையில் தங்கியிருந்தபோது நடந்தது இது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். அம்மை போட்டு லீவில் போய்த் திரும்பியவளை, சொல்லாமல் நின்றுவிட்டதாகக் கூறி வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வழக்குப் போட்டேன், தோற்றேன். மேல்முறையீடு செய்யக் கையில் காசில்லை.

இல்லாதவர்களுக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது என்று யாரோ சொன்னார்கள். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பெரிய மேதாவி அல்லவா! ஆதாரில் ஊர் முகவரி, நானோ இங்கே. இரண்டு பக்கமும் அலைந்து அலைந்து, மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்து எழுபத்தொரு நாள் ஓடிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் அக்காவிடம் புலம்பினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளைங்களுக்கு இலவச சட்ட உதவி குடுக்க வருமானமே பாக்க மாட்டாங்கமா. உன்னாண்ட அந்த சர்டிபிகேட்ட எவன் கேட்டான்?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவருமே கேட்கவில்லை!

காசு வாங்காமல் அவர் எழுதித் தந்த மனுவோடு அன்றே சட்ட உதவி மையத்துக்கு ஓடினேன். கட்டணக் கவலை தீர்ந்தது. ஆனால் அங்கே எனக்காக அமர்த்தப்பட்ட பெண் வழக்கறிஞர் நெற்றியைச் சுருக்கினார். "லேட்டான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்டணுமே, இன்னா பண்றது?" காட்டாவிட்டால் என் வழக்கு வாசலோடு முடிந்துவிடும்.

பையிலிருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றால் எத்தனை நிமிடம், ஏன் நின்றது என்று எழுதியே ஆக வேண்டும். வேலை போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. செவ்வாய்: அலுவலர் விடுப்பு. புதன்: சர்வர் இல்லை. இப்படியே தினமும் எழுதியிருந்தேன். ஒரு வியாழக்கிழமையில் மட்டும், 'அழுதேன். எங்கும் போகவில்லை.'

வழக்கறிஞர் விழுந்து விழுந்து சிரித்தார். "கம்பெனி கத்துக்குடுத்தத வெச்சே கம்பெனிய மடக்கிட்டியே! இந்த அழுத நாள மட்டும் எடுத்துடலாமா?"

"எடுத்தா எழுபது நாளுதான மேடம் வரும்? கணக்கு இடிக்குமே" என்றேன்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் சரியாக அதைத்தான் பிடித்துக்கொண்டார். அழுவதெல்லாம் ஒரு காரணமா என்றார். நீதிபதி நோட்டை ஒரு முறை புரட்டிப் பார்த்தார்.

"பொய் சொல்றவங்க இதை எழுத மாட்டாங்க" என்றவர், தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டார்.

நேராக மனு எழுதும் அக்காவிடம் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இருவரும் கரும்புச்சாறு குடித்தோம். மேல்முறையீட்டில் ஜெயித்து வேலை திரும்பக் கிடைக்க மேலும் ஒரு வருடம் ஆனது. இப்போது அதே கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருகிறேன். வீணாக்கிவிட்டேனே என்று நான் வெட்கப்பட்ட அந்த வியாழக்கிழமைதான் எனக்காகச் சாட்சி சொன்னது என்று நினைத்தால், இன்றும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது.