எல்லா நாளும் ஜனவரி ஒன்று

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படியேறிப் போகும் சந்தில் முத்துலிங்கத்தின் போட்டோக் கடை இருந்தது. படம் பிடித்துத்தான் பிழைத்தார். ஆனால் அதைப்போல அவருக்கு வெறுத்துப்போன வேலை வேறொன்று இல்லை. தோட்ட லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் தேயிலை ஃபேக்டரிக்குப் போய், சலிக்கிற ரூமின் தூசு நெஞ்சை அடைத்ததால் அதை விட்டவர். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் பத்து வருஷம் கையாள் வேலை செய்துவிட்டுச் சொந்தக் கடை போட்டார். பிலிம் கெமரா இருந்தவரை பிழைப்பு ஒரு மாதிரி ஓடியது. 2003இல் கொழும்பில் செகண்ட் ஹேண்டாக ஒரு டிஜிட்டல் கெமரா வாங்கினார். சனியனைக் காசு கொடுத்து வாங்கினேன் என்று அதன்பிறகு அவர் சொல்லாத நாளில்லை.

அதற்கு நாலு பெட்டரி வேண்டும். டோர்ச் லைட்டுக்குப் போடுகிற பெட்டரியைப் போட்டால் ஏழு படம். எட்டாவது படத்துக்கு மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு செத்துவிடும். சார்ஜ் ஏற்றுகிற பெட்டரி வாங்கிப் பார்த்தார். மலைக் குளிரில் அதுவும் படுத்துக்கொண்டது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். படம் எடுத்த கையோடு நாலையும் கழற்றி, ஸ்வெட்டருக்குள் அக்குளில் இடுக்கிக்கொள்வார். உடம்புச் சூட்டில் பெட்டரி கொஞ்சம் கூடுதலாக உழைத்தது. வேர்வை வாடையோடு அதை வெளியே எடுக்கும்போது அவருக்கே குமட்டும்.

பெட்டரியைத் திரும்பப் போட்டதும் கெமரா தேதி கேட்கும். கழற்றிப் போட்டால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, 2002 ஜனவரி ஒன்று என்று நிற்கும். வருஷம், மாசம், நாள், மணி என்று கடுகுபோன்ற பட்டனை விறைத்த விரலால் அமுக்க வேண்டும். மணமேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு காத்திருக்க, இவர் குனிந்து பட்டன் அமுக்கிக்கொண்டிருப்பார். முதல் வருஷம் ஒழுங்காகச் செய்தார். பிறகு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே தள்ளிவிடப் பழகினார்.

தேதியே விழாமல் செய்திருக்கலாம். சனம் விடவில்லை. படத்தின் மூலையில் செம்மஞ்சள் எழுத்து இல்லாவிட்டால், "இது பழைய கெமராப் படமுங்களா?" என்று முகத்தைச் சுளித்தார்கள். எழுத்து வேண்டும், ஆனால் அதை ஒருவரும் படிப்பதில்லை. அதனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் ஒரே ஜனவரி ஒன்றில் நடந்தன. இந்தச் சனத்துக்கு இது போதும் என்று முத்துலிங்கம் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டார்.

2006 ஜூலையில், மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில், பக்கத்துத் தோட்டத்துப் பொன்னையாவின் மனைவி வீரம்மா செத்துப்போனார். இவர்களின் ஒரே மகள் லோஜினி குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். பொன்னையா ஆள் அனுப்பாமல் தானே நனைந்துகொண்டு கடைக்கு வந்தார்.

"தம்பி, பெட்டி மூடுறதுக்கு முன்ன ஒரு படம் வேணும். படத்தக் காட்டுனா அந்த வீட்டம்மா லீவு குடுப்பாங்களாம். பதினாறாம் நாள் கருமாதிக்காவது புள்ள வந்து சேரணும்."

முத்துலிங்கம் போனார். பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். அக்குளிலிருந்து பெட்டரியை எடுத்துப் போட்டார். கெமரா தேதி கேட்டது. வழக்கம்போல் தள்ளிவிட்டு எடுத்தார். படம் ஹட்டன் கொமியூனிகேஷன் கடையிலிருந்து ஈமெயிலில் குவைத்துக்குப் போனது. மரணச் சான்றிதழும் கூடவே போனது. அது சிங்களத்தில் இருந்தது.

ஐந்தாம் நாள் பொன்னையா மறுபடி வந்தார். சத்தம் போடவில்லை.

"சிங்களம் அந்தம்மாவுக்குத் தெரியாது தம்பி. அந்தக் கடுதாசிய நம்பல, படத்து மூலையில உள்ள நம்பரு மட்டும் தெரியுதாம். ஒங்கம்மா செத்து நாலு வருசமாச்சே, இப்ப எதுக்குப் பொய் சொல்றேன்னு புள்ளயப் புடிச்சு ஏசுதாம்."

முத்துலிங்கம் அவர் முகத்தைப் பார்க்காமல், "நான் சரி பண்ணித் தாறேங்க" என்றார். எதைச் சரி பண்ணுவது? எழுத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துத் தரலாம் என்றார்கள் கலர் லேப்பில். முதல் படம் ஏற்கெனவே அங்கே போயிருக்கிறது. எழுத்தை அழித்த இரண்டாவதும் போனால் பொய் உறுதியாகிவிடும். பெட்டியையும் புதைத்தாகிவிட்டது.

ஹட்டனில் கடிகாரமும் ரேடியோவும் பழுது பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரர் சிவராசாவிடம் கெமராவைக் கொண்டுபோய் மேசையில் போட்டார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளுக்கை சின்னப் பற்றரி ஒண்டு இருக்கு அண்ணை. நேரத்தை அதுதான் வைச்சிருக்கும். இந்த நாலும் உள்ளுக்கை கிடந்தால்தான் அதுக்குச் சார்ஜ் ஏறும். ஒரு நாள் முழுக்கக் கழட்டாமல் விட்டிருக்கிறியளோ?"

"இல்லீங்க. எடுத்ததும் கழட்டிருவேன். குளிருக்கு."

"அப்ப அது மூண்டு வருசமாப் பட்டினி. கெமராவிலை பழுது ஒண்டுமில்லை."

பழுது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். கெமராவைத் திட்டலாம், விற்றவனைத் திட்டலாம். மூன்று வருஷமாக அதன் குரல்வளையை நெரித்தது தன் கைதான் என்று தெரிந்தபோது, அக்குளில் இருந்த ஈரம் அவருக்கு அசிங்கமாக இருந்தது. பஸ்ஸில் வரும்வழியில் யாரும் பக்கத்தில் உட்காராமல் இருந்தால் போதும் என்று நினைத்தார்.

சார்ஜ் ஏற்றிய பெட்டரியைப் போட்டு, தேதியைச் சரியாக வைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டார். மறுநாள் நாலையும் கழற்றிப் போட்டுப் பார்த்தார். தேதி அசையவில்லை. இவ்வளவுதானா என்று கெமராவையும் தன்னையும் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு பொன்னையாவைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே இருந்த மயானத்துக்குப் போனார். ஈர மண்மேட்டுப் பக்கத்தில் வாடிய மாலையோடு அவரை நிற்கவைத்து எடுத்தார். மூலையில் அன்றைய தேதி பளிச்சென்று விழுந்தது. அன்றைக்கே ஹட்டனுக்குப் போய் அனுப்பினார்.

பத்தாம் நாள் லோஜினியின் போன் வந்தது. பேசி முடித்துவிட்டுப் பொன்னையா கடை வாசலில் வந்து நின்றார். கருமாதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"புள்ள வரலீங்களா?" என்று முத்துலிங்கம் கேட்டார்.

"இல்ல தம்பி. தேதி சரியாத்தான் இருக்காம். மண்ணத்தான காட்டுற, ஒங்கம்மா எங்கன்னு அந்தம்மா கேக்குதாம்."