ராகு காலத்தில் ஏறிய டுரோன்

ராகு காலம் பிறந்துவிட்டது என்று சொல்லி எந்த விமானமாவது தரையிறங்காமல் வானத்திலேயே வட்டமடித்ததை நீங்கள் பார்த்ததுண்டா? மலேசியாவில் சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பதில் சொல்லட்டும். திங்கட்கிழமை காலையிலும் விமானங்கள் வருகின்றன, போகின்றன. நம் ஆட்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறுகிறார்கள். ஆனால் இட்லித் தட்டு அளவுள்ள டுரோன் கிளம்ப வேண்டுமென்றால் மட்டும் நமக்குச் சுவர்க் காலண்டர் தேவைப்படுகிறது.

அந்தக் காலண்டரோடு மல்லுக்கு நின்றவள் சமந்தா. செந்தூலில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவள். கூரை, தண்ணீர்த் தொட்டி என்று ஆள் ஏற முடியாத இடங்களை டுரோனால் படமெடுத்துக் கொடுப்பது அவள் தொழில். அனுமதி கையில் இல்லாமல் பெட்டியைக்கூடத் திறக்கமாட்டாள். அதற்காகவே அவளைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கல்யாணங்களுக்கு டுரோனில் வீடியோ எடுக்கும் கெல்வின் அவர்களில் முதல் ஆள்.

"இன்னும் பேப்பர் தூக்கிக்கிட்டு அலையிறியா? ஏத்து, எடு, இறக்கு, கிளம்பு. யாரு பாக்கப் போறா?"

"மேல பிளேன் ஓட்டுறவன் பாப்பான் லா. பாக்கும்போது அவனுக்கு பிரேக் கிடையாது."

கெல்வின் சிரித்தான். அனுமதி கேட்காமல் ஏற்றும் வழக்கத்தை மட்டும் விடவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் ரமணி தேடி வந்தாள். விமான நிலையத்துக்கு அருகே ஓர் அடுக்குமாடியில் மேல்தளத்து வீடு அவளுடையது. மழை பெய்தால் படுக்கையறைக்குள் ஒழுகும். சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. மகளுக்கு இருமல் நிற்பதே இல்லை.

"மழை வந்தா கட்டில இந்தப் பக்கம் தள்றேன், காத்து மாறினா அந்தப் பக்கம் தள்றேன். கட்டிலுக்கே கால் வலிக்கும் போல இருக்கு, சமந்தா."

வீட்டைக் கட்டி விற்ற நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? கூரையில் பழுதே இல்லையாம். ரமணி சமைக்கும் ஆவிதான் சுவரில் தண்ணீராய் வழிகிறதாம். "நான் என்ன தினமும் ஒரு ஆத்தையே காய்ச்சுறேனா?" என்று கேட்டாள் ரமணி. நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. விற்கும்போது வாசல்வரை வந்து சாவி கொடுக்கிறவர்கள், ஒழுகும்போது தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. வழக்கு வீடு வாங்கியோருக்கான தீர்ப்பாயத்துக்குப் போனது. கூரை செங்குத்தான சரிவு. யாரும் ஏற முடியாது. வியாழக்கிழமை விசாரணைக்குள் படம் கிடைக்காவிட்டால், ஆவிக்கதையே உண்மையாகிவிடும்.

அந்த இடமோ விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்பரப்புக்குள் இருந்தது. அனுமதியின்றி அங்கே எதையும் பறக்கவிடக் கூடாது. சமந்தா முறைப்படி விண்ணப்பித்தாள். கேள்விகள் வந்தன, பதில் எழுதினாள். வாரக்கணக்கில் காத்திருந்தபின் அனுமதி வந்தது: திங்கட்கிழமை காலை எட்டு முதல் ஒன்பது வரை. கட்டடத்தின் பூப்பந்துத் திடலிலிருந்து மட்டுமே ஏற்ற வேண்டும். ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரம் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திடலின் கேட் பூட்டியிருந்தது. சாவி குடியிருப்போர் சங்கத் தலைவர் ரெங்கசாமியின் கையில். அவரும் கேட்டுக்கு முன்னால்தான் நின்றார்.

"ஏழரைலேர்ந்து ஒம்போது ராகு காலம்மா. ஒம்போது அடிச்சதும் நானே தொறந்து விடறேன்."

"ஒம்போதுக்கு அனுமதி முடிஞ்சிடும், அங்கிள்."

"போன் போட்டுத் தள்ளி வைக்கச் சொல்லு."

"அது பல் டாக்டர் கிளினிக் இல்ல. ஏர்போர்ட்."

"நீ சர்ச்சுக்குப் போறவ, உனக்கு இதெல்லாம் புரியாது. கேஸ் விஷயம். கெட்ட நேரத்துல ஆரம்பிச்சா வெளங்குமா?"

ரமணிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீங்க ரெண்டாவது மாடி. உங்க ராகு நனையறதில்ல. மேல வந்து எம் பொண்ணு பக்கத்துல ஒரு ராத்திரி படுங்க, அப்புறம் நேரம் பாருங்க!"

ரெங்கசாமி கெட்டவர் இல்லை. வழக்குச் செலவுக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர்தான். நல்லது நடக்க வேண்டும் என்ற பயத்திலேயே நல்லதைத் தடுத்துக்கொண்டிருந்தார். மூடநம்பிக்கைக்குக் கெட்டவர்கள் தேவையே இல்லை.

சமந்தா கைப்பேசியைப் பார்த்தாள். வெளிச்சத்தில் மட்டுமே டுரோன் ஏற்ற வேண்டும் என்பதால் சூரியன் எழும் நேரத்தைத் தினமும் பார்ப்பது அவள் வழக்கம்.

"அங்கிள், ராகு காலத்த எதுலேர்ந்து கணக்குப் பண்ணுவாங்க?"

"சூரிய உதயத்துலேர்ந்து. முதல் ஒன்றரை மணி நேரம் கழிச்சு."

"உங்க காலண்டர்ல சூரியன் எத்தன மணிக்கு வருது?"

"ஆறு."

"இன்னிக்கு இங்க எத்தன மணிக்கு வந்துச்சு?"

ரெங்கசாமி வானத்தைப் பார்த்தார். பிப்ரவரி மாதம். ஏழு மணிக்கு விளக்குப் போட்டு டீ குடித்தது அவருக்கு நினைவிருந்தது. "ஏழே கால் தாண்டித்தான்..."

"அப்ப உங்க ராகு எட்டே முக்காலுக்குத்தான் வருவாரு. காலண்டர்ல இருக்கறவரு மெட்ராஸ்காரரு. இன்னும் இமிகிரேஷன் தாண்டல."

ரமணி வாய்விட்டுச் சிரித்தாள். ரெங்கசாமி விரல்விட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார், சாவியை எடுத்தார். கிரகத்தைக் கிரகத்தின் கணக்காலேயே மடக்கியதில் சமந்தாவுக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் அவரோடு வாதாடி முடிக்க ஓர் ஆயுள் வேண்டும். அவளிடம் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான் இருந்தது.

கோபுரத்துக்கு அழைத்தாள். டுரோன் எழும்பியது. அதுவரை தடுத்தவர் இப்போது விரட்டத் தொடங்கினார்.

"சீக்கிரம்மா! எட்டே முக்காலுக்குள்ள இறக்கிடு!"

திரையில் கூரை தெரிந்ததும் மூவரும் குனிந்து பார்த்தார்கள். ரமணி வீட்டுக்கு நேர்மேலே, இரு சரிவுகளும் சேரும் உச்சியில் இருக்க வேண்டிய மூடுதகடே இல்லை. அந்த இடைவெளியில் நீலப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை மடித்துத் திணித்து, மேலே செங்கல் வைத்திருந்தார்கள்.

"இதுதான் நான் காய்ச்சுன ஆறு," என்றாள் ரமணி. ரெங்கசாமி அதன்பின் மணி பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணையில் நிறுவனத்தின் பிரதிநிதி படங்களைப் பார்த்தார். கூரையைப் பற்றி மூச்சுவிடவில்லை. "விமான நிலையப் பகுதியில் திருட்டுத்தனமாக எடுத்த படங்கள். ஏற்கக் கூடாது," என்றார். சமந்தா அனுமதிக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். கெல்வின் வேகத்தில் எடுத்திருந்தால் படங்கள் அந்த இடத்திலேயே குப்பையாகியிருக்கும். நிறுவனம் தன் செலவில் கூரையைச் சரிசெய்து, ரமணிக்கு இழப்பீடும் தர வேண்டும் என்று உத்தரவானது.

வெளியே வந்ததும் ரெங்கசாமி மீசையைத் தடவினார். "நல்ல நேரத்துல ஏத்துனோம்ல, அதான் ஜெயிச்சோம்."

"ஆமாண்ணே," என்றாள் ரமணி. "வாங்க, ராகுவுக்கும் சேத்து ஒரு டீ சொல்லுவோம்."

வாசகரே, உங்கள் கட்டடத்திலும் யாரோ ஒருவர் கட்டிலைத் தள்ளிக்கொண்டிருப்பார். குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நல்ல நாள் பார்க்காமல் போங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முறையான அனுமதி பெற்றுக் கூரையைப் படமெடுக்க வேண்டும் என்று கையைத் தூக்கிக் கேளுங்கள். முடியாது என்றால், ஏன் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரும்வரை எழுந்து போகாதீர்கள்.